லிவர்பூல்: அடிமை வர்த்தகத்தின் நினைவும் துறைமுகக் கரையின் மறுவாழ்வும்

இங்கிலாந்தின் வடமேற்கே, மெர்ஸி நதி ஐரிஷ் கடலில் கலக்கும் இடத்தில் அமைந்திருக்கிறது லிவர்பூல் நகரம். பீட்டில்ஸ் இசைக்குழுவாலும் கால்பந்தாட்டத்தாலும் உலகம் அறிந்த இந்நகரம், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் அடிமை வர்த்தகத் தலைநகராக விளங்கியது. சுமார் 5,000 அடிமைக் கப்பல் பயணங்கள் இங்கிருந்து புறப்பட்டன. லிவர்பூல் கப்பல்களில் அட்லாண்டிக் கடலைக் கடந்து கொண்டு செல்லப்பட்ட ஆப்பிரிக்கர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 15 லட்சம் என வரலாற்றாளர்கள் மதிப்பிடுகின்றனர்.

இந்தக் கடந்த காலத்தை நகரம் நெடுங்காலம் பேசாமலே இருந்தது. இன்று அதே துறைமுகக் கரையில் அடிமைத்தனத்திற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 23 ஆம் தேதி நினைவு நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. பழைய பண்டகசாலைகள் உணவகங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்ட ஒரு சுற்றுலாப் பகுதியில், இத்தகைய துயரத்தை எவ்வாறு நினைவுகூர்வது? அந்த நினைவால் பயன்பெறுவது யார்? இக்கேள்விகள் லிவர்பூலுக்கு மட்டும் உரியவை அல்ல.

கண்ணுக்குத் தெரியாத சரக்கு

லிவர்பூலில் இருந்து புறப்பட்டதாக அறியப்படும் முதல் அடிமைக் கப்பல்களில் ஒன்று 'லிவர்பூல் மெர்ச்சன்ட்'. 1699 ஆம் ஆண்டு புறப்பட்ட அக்கப்பல், ஆப்பிரிக்கர்கள் 220 பேரை பார்படோஸ் தீவில் கொண்டுபோய் இறக்கியது. அதன் பின்னர் நூறாண்டுகளுக்குள், பிரிட்டனின் அடிமை வர்த்தகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்நகர வணிகர்களின் கைக்கு வந்தது.

இந்த வர்த்தகம் முக்கோணப் பாதையில் நடந்தது. துணி, உலோகப் பொருட்கள், துப்பாக்கி, மது ஆகியவற்றுடன் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றன. அங்கு அவற்றுக்கு மாற்றாக மனிதர்களைப் பெற்று, கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் விற்றன. அங்கிருந்து சர்க்கரை, ரம், புகையிலை, பருத்தி ஆகியவற்றுடன் நாடு திரும்பின.

இப்பாதையின் விளைவாக, அடிமைகளாக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் லிவர்பூல் மண்ணை மிதித்ததே இல்லை. நகரத்தின் பழைய கட்டடங்களின் நிலவறைகளில் அடிமைகள் சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்தனர் என்ற கதை இன்றும் உலவுகிறது; அதற்கு ஆதாரம் இல்லை. லிவர்பூலுக்கு வந்து சேர்ந்தவை லாபமும் பேரேடுகளும் மாளிகைகளும்தான். பாதிக்கப்பட்டவர்கள் வேறெங்கோ இருக்க, பலன் மட்டும் குவிந்த ஓர் இடத்தில் நினைவுச் சின்னம் அமைப்பது எளிதான காரியமல்ல.

ஆனால் கூர்ந்து நோக்குபவர்களுக்குத் தடயங்கள் தென்படும். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் எழுப்பப்பட்ட நகர மண்டபத்தின் வெளிச்சுவரில் யானைகளும் முதலைகளும் ஆப்பிரிக்க முகங்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. செனகல் கரைக்கு அப்பாலுள்ள அடிமைத் தீவான கோரேயின் பெயர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தெருவுக்கு இருக்கிறது. டார்ல்டன், கன்லிஃப், எர்ல் என்று தெருக்களில் நிலைத்துவிட்ட பெயர்கள் அடிமை வர்த்தகக் குடும்பங்களுடையவை.

இரண்டு கப்பல்கள்

லிவர்பூலோடு தொடர்புடைய இரண்டு கப்பல்கள், அடிமை ஒழிப்பு இயக்கத்தின் வரலாற்றையே மாற்றின.

ஒன்று 'ஸாங்'. இக்கப்பலின் உரிமையாளர்கள் லிவர்பூலைச் சேர்ந்த வணிகர் குழுவினர். 1781 ஆம் ஆண்டு இறுதியில், குடிநீர் பற்றாக்குறை என்று காரணம் கூறி, 130 க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை மாலுமிகள் உயிருடன் கடலில் வீசினர். பின்னர் உரிமையாளர்கள், இழந்த "சரக்குக்காக" காப்பீட்டுத் தொகை கோரி வழக்காடினர். கொலை வழக்காக இருந்திருக்க வேண்டியது காப்பீட்டு வழக்காக நடந்தது. இச்செய்தி பரவியபோது எழுந்த அதிர்ச்சி, ஒழிப்பு இயக்கத்தினருக்கு வலுச் சேர்த்தது.

மற்றது 'புரூக்ஸ்'. லிவர்பூலில் கட்டப்பட்ட இக்கப்பலின் அடித்தளத்தில் மனிதர்கள் எவ்வாறு வரிசை வரிசையாகக் கிடத்தப்பட்டனர் என்பதைக் காட்டும் வரைபடம் 1788 ஆம் ஆண்டு வெளியானது. புதிய சட்டம் அனுமதித்த 454 பேரை மட்டுமே வைத்துப் பின்னர் வரையப்பட்ட படமே காண்போரைக் கலங்கச் செய்தது. அச்சட்டத்திற்கு முன்னர் அதே கப்பல் 600 க்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றிருந்தது. உலகின் அடிமைத்தன அருங்காட்சியகங்கள் பலவற்றில் இன்று காணப்படுவது இந்தப் படமே.

1807 ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வர்த்தகத்தைத் தடை செய்தது. லிவர்பூலின் உறுப்பினராக இருந்த வில்லியம் ராஸ்கோ, தனது நகரத்தின் வணிக நலனுக்கு எதிராகத் தடைக்கு ஆதரவாக வாக்களித்தார். ஊர் திரும்பிய அவரை ஆத்திரமடைந்த கூட்டம் எதிர்கொண்டது.

பருத்தி, கிளாட்ஸ்டன், இந்தியத் தொழிலாளர்

1807 உடன் அடிமைத்தனத்துக்கும் லிவர்பூலுக்கும் இருந்த உறவு அறுந்துவிடவில்லை. அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமைகள் விளைவித்த பருத்தி, லங்காஷயர் ஆலைகளுக்கு லிவர்பூல் வழியாகவே சென்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது நகர வணிகர்கள் பலர் அடிமை முறையைக் காக்கப் போராடிய தென் மாநிலங்களின் பக்கம் நின்றனர். அப்போரால் அமெரிக்கப் பருத்தி தடைபட்டபோது, லிவர்பூல் சந்தையை நிரப்பியது இந்தியப் பருத்தி. திருநெல்வேலிப் பருத்தியும் அச்சந்தையில் பெயர் சொல்லி விற்கப்பட்ட ரகங்களில் ஒன்று.

தமிழர் வாழ்ந்த கரைகளுக்கும் இந்த வர்த்தகத்துக்கும் இதைவிடப் பழைய தொடர்பும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்ட பண்டங்களில் பெரும்பங்கு துணிகளே. அவற்றில் சோழமண்டலக் கரையில் நெய்து சாயமேற்றப்பட்ட துணிகளும் கணிசமாக இருந்தன. நீலச் சாயமிட்ட ஒரு வகைத் துணிக்கு, அது விலைபோன ஆப்பிரிக்கக் கரையின் பெயரால் 'கினித் துணி' என்றே பெயர் வழங்கியது. தன் கையால் நெய்த துணி எங்கே போகிறது, எதற்கு விலையாகிறது என்பதை நெசவாளி அறிந்திருக்க வாய்ப்பில்லை.

1833 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பிரிட்டன் தனது காலனிகளில் அடிமை முறையை ஒழித்தபோது, அடிமைகளின் உரிமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டுகள் இழப்பீடாக வழங்கப்பட்டன. விடுதலை பெற்றவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. இத்தொகைக்காக வாங்கப்பட்ட கடன் 2015 ஆம் ஆண்டில்தான் முழுமையாக அடைக்கப்பட்டது. இழப்பீடு பெற்றவர்களில் மிகப் பெரும் தொகையைப் பெற்றவர்களுள் ஒருவர், லிவர்பூல் வணிகரான ஜான் கிளாட்ஸ்டன். பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை. 2,508 அடிமைகளுக்காக அவர் பெற்றது 1,06,769 பவுண்டுகள்.

இதே ஜான் கிளாட்ஸ்டன்தான், அடிமைகளுக்குப் பதிலாக இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை பிரிட்டிஷ் கயானாவுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தைத் தொடங்கியவர். 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' என்ற கப்பல்கள் 1838 ஆம் ஆண்டு கல்கத்தாவிலிருந்து முதல் தொகுதியினரை அங்கு கொண்டு சேர்த்தன. மொரீஷியஸ், கரீபியன் தீவுகள், நேட்டால், ஃபிஜி என்று தமிழர்களும் பிற இந்தியர்களும் கப்பலேறிய நீண்ட வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் இந்த லிவர்பூல் குடும்பத்தின் பெயர் இருக்கிறது. 2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அக்குடும்பத்தின் வழித்தோன்றல்கள் கயானாவுக்குச் சென்று, தமது முன்னோரின் செயலுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டனர்.

பாழடைந்த துறையிலிருந்து பண்பாட்டு நகரம் வரை

அடிமைத்தன அருங்காட்சியகம் அமைந்திருக்கும் ஆல்பர்ட் கப்பல்துறை, அடிமை வர்த்தகம் தடைசெய்யப்பட்டு 39 ஆண்டுகளுக்குப் பின்னர், 1846 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. செங்கல்லும் வார்ப்பிரும்பும் கொண்டு தீப்பிடிக்காத வகையில் கட்டப்பட்ட இதன் பண்டகசாலைகளில் பருத்தி, சர்க்கரை, புகையிலை, தேயிலை ஆகியன சேமிக்கப்பட்டன. கப்பல்கள் பெருத்து, கொள்கலன் போக்குவரத்து வந்ததும் பழைய துறைகள் பயனற்றுப் போயின. 1972 ஆம் ஆண்டு இத்துறை மூடப்பட்டது. வண்டல் மண் நிரம்பியது.

1981 ஆம் ஆண்டு இந்நகரத்துக்குத் திருப்புமுனை ஆனது. துறைமுகக் கரையைச் சீரமைப்பதற்கென அரசு தனியான வளர்ச்சிக் கழகம் ஒன்றை ஏற்படுத்திய அதே ஆண்டின் ஜூலை மாதம், கறுப்பின மக்கள் செறிந்து வாழும் டாக்ஸ்டெத் பகுதியில் பெரும் கலவரம் வெடித்தது. வேலையின்மையும், காவல்துறையினர் மீதான கசப்பும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. ஐரோப்பாவிலேயே மிகப் பழமையான கறுப்பினச் சமூகங்களில் ஒன்று லிவர்பூலில் வாழ்கிறது. ஆற்றங்கரையில் பணம் கொட்டப்பட்டபோது, அங்கிருந்து சிறிது தொலைவிலேயே வாழ்ந்த இம்மக்களுக்கு அதில் என்ன பங்கு கிடைத்தது என்ற கேள்வி அன்று முதல் தொடர்கிறது.

1988 ஆம் ஆண்டு டேட் கலைக்கூடத்தின் கிளை இங்கு திறக்கப்பட்டது. 2004 ஆம் ஆண்டு துறைமுக நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 2008 ஆம் ஆண்டு லிவர்பூல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரமாக இருந்தது. பெரும் கடைத்தொகுதியான 'லிவர்பூல் ஒன்' அதே ஆண்டில் திறக்கப்பட்டது.

அந்தக் கடைத்தொகுதிக்காக நிலத்தைத் தோண்டியபோது, 2001 ஆம் ஆண்டு, 1715 இல் திறக்கப்பட்ட 'பழைய கப்பல்துறை'யின் சுவர்கள் வெளிப்பட்டன. உலகின் முதல் வணிக அடைப்புக் கப்பல்துறை என்று போற்றப்படும் இதனை, 1826 ஆம் ஆண்டு மண் போட்டு மூடியிருந்தனர். அடிமைக் கப்பல்கள் சரக்கேற்றிய காலத்தின் நேரடிச் சான்று இது. சுவர்களின் ஒரு பகுதி கடைகளுக்கு அடியில் பாதுகாக்கப்பட்டு, 2010 ஆம் ஆண்டு முதல் வழிகாட்டியுடன் சென்று காண வாய்ப்பளிக்கப்பட்டது. மேலே நடப்போர் எட்டிப் பார்ப்பதற்கென நடைபாதையில் வட்ட வடிவக் கண்ணாடிச் சாளரம் ஒன்றும் உண்டு. பலர் அதைக் கவனிக்காமலே கடந்து செல்கின்றனர்.

அருங்காட்சியகம் பிறந்த கதை

லிவர்பூலின் கடல்சார் அருங்காட்சியகத்தில் அடிமை வர்த்தகம் குறித்த நிரந்தரக் காட்சிக்கூடம் 1994 ஆம் ஆண்டு அமைந்தது. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் மாயா ஏஞ்சலூ அதனைத் திறந்துவைத்தார். பிரிட்டனில் அதுவரை இவ்வளவு விரிவான முயற்சி நடந்ததில்லை. எனினும் விமர்சனங்களும் எழுந்தன. காட்சிக்கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒதுக்கப்பட்டது ஏன் என்று சிலர் கேட்டனர். கப்பலின் அடித்தளத்தை ஒலியுடன் மீட்டுருவாக்கிக் காட்டியது, அனுபவிக்கவே முடியாத ஒரு துயரத்தைக் கேளிக்கையாக்கும் செயல் என்று வேறு சிலர் கருதினர்.

1999 ஆம் ஆண்டு டிசம்பரில் நகர சபை, அடிமை வர்த்தகத்தில் நகரம் வகித்த பங்குக்காக முறைப்படி மன்னிப்புக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. அடிமை வர்த்தக ஒழிப்பின் 200 ஆவது ஆண்டான 2007 இல், ஆகஸ்ட் 23 ஆம் தேதி, சர்வதேச அடிமைத்தன அருங்காட்சியகம் அதே கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் திறக்கப்பட்டது. இத்தேதி தற்செயலானதல்ல. 1791 ஆம் ஆண்டு இந்நாளையொட்டித்தான் இன்றைய ஹெய்ட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். விடுதலை என்பது நாடாளுமன்றம் கொடுத்த கொடை மட்டுமல்ல, அடிமைகள் தாமே போராடிப் பெற்றதும் ஆகும் என்பதே இத்தேர்வின் பொருள்.

காட்சிகளின் வரிசையிலும் இச்சிந்தனை தெரிந்தது. அருங்காட்சியகம் கப்பலில் தொடங்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்க வாழ்க்கையில் தொடங்கியது. இக்போ இனத்தவரின் குடியிருப்பு ஒன்று அங்கு அமைக்கப்பட்டிருந்தது. அடுத்து அடிமையாக்கலும் கடற்பயணமும். இறுதியாக, இனவெறி உள்ளிட்ட இன்றைய விளைவுகள். ஹெய்ட்டி இளைஞர்களும் கலைஞர்களும் பழைய இரும்புத் துண்டுகளைக் கொண்டு உருவாக்கிய 'விடுதலை' என்ற சிற்பம் பலரையும் கவர்ந்தது. இங்குள்ள கல்வி மையத்திற்கு, 2005 ஆம் ஆண்டு லிவர்பூல் அருகே இனவெறியர்களால் கொல்லப்பட்ட 18 வயதுக் கறுப்பின மாணவர் ஆண்டனி வாக்கரின் பெயர் சூட்டப்பட்டது. 200 ஆண்டுகளுக்கு முந்தைய வர்த்தகத்தையும் நேற்று நடந்த கொலையையும் ஒரே கூரையின் கீழ் பேசுவதே இந்த அருங்காட்சியகத்தின் நிலைப்பாடு.

பெயர்களை அழிப்பதா, விளக்குவதா?

அடிமை வணிகர்களின் பெயர் தாங்கிய தெருக்களின் பெயரை மாற்ற வேண்டும் என்ற யோசனை 2006 ஆம் ஆண்டு நகர சபையில் முன்வைக்கப்பட்டது. பீட்டில்ஸ் பாடலால் புகழ்பெற்ற பென்னி லேனும், ஜேம்ஸ் பென்னி என்ற அடிமை வணிகரின் பெயரால் அமைந்தது என்று அப்போது நம்பப்பட்டதால், யோசனை விரைவில் கைவிடப்பட்டது. 2020 ஆம் ஆண்டு, ஜார்ஜ் ஃபிளாய்டின் கொலைக்குப் பின்னர், அத்தெருவின் பெயர்ப் பலகைகளில் மை பூசப்பட்டது. அதையடுத்து நடந்த ஆராய்ச்சியில், தெருவை அந்த வணிகருடன் இணைக்கும் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. அருங்காட்சியகம் தனது காட்சிப் பலகையிலிருந்து அப்பெயரை நீக்கியது. தவறான குற்றச்சாட்டைத் திருத்திக்கொள்வதும் நினைவுப் பணியின் ஒரு பகுதி என்பதற்கு இது சான்று.

நகரம் இறுதியில் தேர்ந்தெடுத்தது விளக்கப் பலகைகளை. பல்லாண்டு காலம் தெருத் தெருவாக மக்களை அழைத்துச் சென்று இவ்வரலாற்றைச் சொல்லி வந்த எரிக் லிஞ்ச் 2021 ஆம் ஆண்டு காலமானார். அவரது நினைவாக 2022 ஆம் ஆண்டு முதல் தெருக்களில் பலகைகள் வைக்கப்பட்டன. லிவர்பூல் பல்கலைக்கழகம் கிளாட்ஸ்டன் பெயரிலிருந்த மாணவர் விடுதிக்கு, நகரின் இன சமத்துவப் போராளியான டோரத்தி கூயாவின் பெயரைச் சூட்டியது. அடிமைத்தன நினைவு நாளும் அருங்காட்சியகமும் உருவாக வேண்டும் என்று ஓயாமல் குரல் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். நிறுவனங்கள் விழித்துக்கொள்ளும் முன்னரே இந்நினைவைக் காத்தவர்கள் இத்தகைய உள்ளூர் கறுப்பினத்தவர்களே.

பிற துறைமுகங்கள்

ஏனைய நகரங்கள் வெவ்வேறு வழிகளைத் தேர்ந்துள்ளன. பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில், அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையை 2020 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆம் தேதி ஆர்ப்பாட்டக்காரர்கள் வீழ்த்தி, துறைமுக நீரில் தள்ளினர். பின்னர் மீட்கப்பட்ட சிலை, பூசப்பட்ட வண்ணங்களோடு, நகர அருங்காட்சியகத்தில் படுத்த நிலையிலேயே வைக்கப்பட்டது.

பிரான்சின் நாந்த் நகரம், லுவார் நதிக்கரையில் 2012 ஆம் ஆண்டு அடிமை ஒழிப்பு நினைவிடத்தைத் திறந்தது. கரையோர நடைபாதையில் 2,000 கண்ணாடிப் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை அந்நகரிலிருந்து புறப்பட்ட அடிமைக் கப்பல் பயணங்களின் பெயரையும் நாளையும் தாங்கியவை.

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில், துறைமுகச் சீரமைப்புப் பணியின்போது 2011 ஆம் ஆண்டு வாலோங்கோ படித்துறை மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது. ஏறத்தாழ 9 லட்சம் ஆப்பிரிக்கர்கள் வந்திறங்கிய அவ்விடம் 2017 இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில், அடிமைகள் இறக்கப்பட்ட படித்துறையின் மீது 2023 ஆம் ஆண்டு அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. அந்த மண்ணைத் தொடாமல் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டப்பட்டிருக்கும் கட்டடத்தின் கீழே, ஆழமற்ற நீர்த்தடாகத்தின் தரையில் மனித உருவங்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. அவை 'புரூக்ஸ்' கப்பலின் வரைபடத்திலிருந்து எடுக்கப்பட்டவை.

மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயியில், ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய ஆப்பிரவாசி காட் 2006 ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கு படியேறியவர்களில் தமிழர்களும் ஏராளம்.

மீண்டும் ஒரு கட்டுமானம்

லிவர்பூலின் துறைமுகக் கரை தொடர்ந்து மாறி வருகிறது. வடக்குத் துறைகளில் உயரமான கட்டடங்களுக்கான திட்டமும், எவர்ட்டன் கால்பந்தாட்ட அணியின் புதிய அரங்கமும் பாரம்பரியத் தன்மையைச் சிதைப்பதாகக் கூறி, 2021 ஆம் ஆண்டு ஜூலை மாதம் யுனெஸ்கோ தனது பட்டியலிலிருந்து லிவர்பூலை நீக்கியது. வளர்ச்சியா பாரம்பரியமா என்ற விவாதத்தில் நகரத் தலைவர்கள் வளர்ச்சியின் பக்கம் நின்றனர்.

அடிமைத்தன அருங்காட்சியகமும் கடல்சார் அருங்காட்சியகமும் பெரும் மறுசீரமைப்புக்காக 2025 ஆம் ஆண்டு தொடக்கத்தில் மூடப்பட்டன. 2028 ஆம் ஆண்டு மீண்டும் திறப்பது என்பது அறிவிக்கப்பட்ட திட்டம். ஒரு கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் அடங்கியிருந்த அடிமைத்தன அருங்காட்சியகத்துக்கு, மார்ட்டின் லூதர் கிங்கின் பெயர் சூட்டப்பட்டிருக்கும் அருகிலுள்ள பழைய துறைமுக அலுவலகக் கட்டடத்தில் தனி நுழைவாயில் அமைய இருக்கிறது. அடிமைக் கப்பல்கள் பழுது பார்க்கப்பட்ட, பதினெட்டாம் நூற்றாண்டின் கேனிங் உலர்துறைகளைப் பொதுமக்கள் இறங்கிப் பார்க்க வழிசெய்வதும் திட்டத்தில் அடங்கும். அடித்தளத்தில் தொடங்கி, மூன்றாம் தளத்துக்கு ஏறி, இப்போது தனி வாயிலைப் பெறும் இப்பயணம், நகரம் தன்னை எவ்வளவு தூரம் ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதன் அளவுகோல்.

ஆயினும், காட்சிக்கூடங்களின் எண்ணிக்கையால் மட்டும் நினைவை அளந்துவிட முடியாது என்கின்றனர் விமர்சகர்கள். துறைமுகக் கரையின் கடைகளிலும் விடுதிகளிலும் அலுவலகங்களிலும் டாக்ஸ்டெத் இளைஞர்களுக்கு வேலை கிடைக்கிறதா, அருங்காட்சியகத்தில் எதைக் காட்டுவது என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் அமர்ந்திருக்கிறார்களா என்பவையே அவர்கள் முன்வைக்கும் உரைகல். அடிமை வர்த்தகத்தில் திரண்ட செல்வம் இந்நகரின் கல்லிலும் தெருவிலும் நிலைத்து நிற்கிறது. அதன் நினைவைக் கொண்டு இன்று திரளும் வருவாயில் அவர்களுடைய வாரிசுகளுக்கு உரிய பங்கு சேருமா என்பதுதான், 2028 ஆம் ஆண்டு கதவுகள் திறக்கும்போது லிவர்பூல் பதிலளிக்க வேண்டிய கேள்வி.